துருப்பிடிச்ச சேஸும் நான் கேட்ட கேள்வியும்

வெல்டிங் ராடை எப்படிப் பிடிக்கணும், எம்புட்டு ஆம்பியர் வைக்கணும்னு நான் உங்களுக்குச் சொல்லப் போறதில்லை. அதெல்லாம் உங்க செல்போனே சொல்லுது, என்னைவிட நல்லாவே சொல்லுது. நாப்பது வருசம் வெல்டிங் பட்டறை வச்சிருந்தவன்னு தொழில் பழகுற நீங்க என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சு, டீயும் வடையும் வாங்கிக் குடுத்திருக்கீக. தின்ன வடைக்கு வஞ்சகம் பண்ணக் கூடாது. அதனால பெருமையாச் சொல்லிக்கிற கதையை எல்லாம் விட்டுட்டு, சொல்லக் கூசுற ஒண்ணைச் சொல்லுறேன்.

அதுக்கு முன்னால ஒண்ணு கேக்குறேன். கறுப்புக் கண்ணாடியை மூஞ்சிக்கு இறக்கினதும் உங்களுக்கு எப்படிலே இருக்கும்? எனக்கு உலகமே அணைஞ்சு போகும். வெயில் போயிரும், தெரு போயிரும், வீட்டுக் கவலை போயிரும். ஒரு சின்னக் குளம் மட்டும் தெரியும். உருகின இரும்பு, ஓரத்துல மெல்லிசாச் சுழிச்சுக்கிட்டு, செவசெவன்னு. அது நகரும், நானும் அது கூடவே நகருவேன். எங்கயோ தூரத்துல மழை பெய்யிற மாதிரி ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். ராடு தீர்ந்து கண்ணாடியைத் தூக்கினா, அட, இன்னும் இங்கனதான் இருக்கமான்னு தோணும். அந்த மயக்கத்துக்காகவே நான் இந்தத் தொழில்ல கெடந்தேன்னு சொன்னாலும் தப்பில்லை. சிரிக்காதலே, உனக்கும் வரும்.

பட்டறையில கண்ணாடி இருந்தாத்தான் அந்த மயக்கம் வரும்னு நான் நெனச்சிருந்தேன். கண்ணாடி இல்லாமலும் வரும்னு எபி வீட்டுல தெரிஞ்சுக்கிட்டேன்.

எபிங்கிறது எபநேசர். எங்க வீடு எம். புதுப்பட்டி போற ரோட்டுல இருக்கு, அவன் வீடு அங்கருந்து மூணு கிலோமீட்டர். முப்பத்தஞ்சு வயசு இருக்கும், நல்ல பய. ஒரு பழைய பிக்கப் வண்டி வச்சிருந்தான். நோட்டுக் கம்பெனிக்கும் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கும் லோடு அடிப்பான். அவன் பொண்டாட்டி ஸ்டெல்லா, சிவகாசியில ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸு. தீக்காய வார்டு. நம்ம பக்கத்துல அந்த வார்டுல வேலை பாக்குறதுன்னா என்னன்னு உங்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

நான் பட்டறையை மூடிட்டு வீட்டோட இருந்த சமயம். தீபாவளி கழிஞ்சு ரெண்டு வாரம் ஆயிருக்கும். அந்த நாள்ல நம்ம ஊரு எப்படிக் கெடக்கும்! கம்பெனி கேட்டெல்லாம் பூட்டி, லாரி சத்தம் இல்லாம, ஊரே அசந்து தூங்குற மாதிரி இருக்கும். மேகம் கூடும், மழை வர்ற மாதிரி காட்டும், வராமலே கலைஞ்சு போகும். அப்படி ஒரு காலையில எபி வந்து நின்னான்.

“அண்ணாச்சி, வண்டி ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எஃப்.சி.க்குப் போகணும். மூணு நாள்தான் இருக்கு. சேஸ் துருப்பிடிச்சுப் போச்சு. ஆன்லைன்ல சின்ன வெல்டிங் மிஷின் வாங்கியிருக்கேன். வீட்டுலயே நானே பத்தவச்சிருவேன், நீங்க பக்கத்துல இருந்து சொன்னாப் போதும்.”

“வீட்டுலயேவா? நீயேவா? சரிதான். நாளைக்குப் பல்லும் நீயே புடுங்கிக்கிருவ”ன்னேன். ஆனா போனேன். கை சும்மா இருந்து அரிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு, அதான் உண்மை.

வண்டியைக் கல்லுக் குடுத்துத் தூக்கி நிப்பாட்டியிருந்தான். அடியில நீளவாக்குல ஓடுற ரெண்டு தண்டுதான் சேஸ். வண்டி மொத்தமும் அது மேலதான் உக்காந்திருக்கு. உள்ள கூடா, டப்பா மாதிரி இருக்கும். கேபினுக்குப் பின்னால இடது தண்டுல ஸ்க்ரூ டிரைவரை வச்சு அமுக்கினேன், அப்பளத்துல போற மாதிரி உள்ள போச்சு. துரு வெளிய இருந்து தின்னலை. உள்ள இருந்து தின்னு வெளிய வந்திருக்கு.

அங்கதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். “எபி, இதுல மருந்து ஏதும் ஏத்தினியா?” மருந்துன்னா பட்டாசு மருந்து. நம்ம ஊருல சின்னப்புள்ளைக்கும் தெரியும்.

“சேச்சே. நோட்டும் அட்டையும்தான் அண்ணாச்சி.”

ஸ்டெல்லா அன்னைக்கு லீவு. காப்பித் தம்ளரை நீட்டிக்கிட்டே சிரிச்சுச்சு. “நல்லாக் கேட்டீக போங்க. வெடி லோடு தொட மாட்டேன்னு பைபிள்ல கையை வச்சு சத்தியம் பண்ணின பொறவுதான இவுகளை வண்டியே வாங்க விட்டேன்!”

நானும் சிரிச்சேன். காப்பி நல்லா இருந்துச்சு.

இப்ப நீங்க கேக்கலாம். உள்ள இருந்து துரு வந்திருக்கே, உப்பு இல்லாம அப்படித் தின்னாதே, பட்டாசு மருந்துலயும் உப்புதானே, உமக்குத் தெரியாதான்னு. தெரியும்லே. நாப்பது வருசமாத் தெரியும். பழைய ஓனரு தூத்துக்குடி உப்பு ஏத்தியிருப்பான்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். மனுசன் தனக்குத்தானே சொல்லிக்கிற பொய்யைத்தான் சீக்கிரம் நம்புவான்.

பொத்துப் போன எடத்தைப் பிச்சுப் பெருசாக்கி உள்ள கையை விட்டேன். இரும்பு எங்க வரைக்கும் நல்லா இருக்குன்னு விரலால தடவிப் பாக்கணும்ல. உள்ள சில்லுன்னு இருந்துச்சு. வெளிய மேகம் மூடி ஒரு மாதிரி சாம்பல் வெளிச்சம். காத்து இல்லை. எங்கயோ ஒரு குயில். கண்ணை மூடிக்கிட்டுத் தடவிக்கிட்டே போறேன், அடியில மெத்து மெத்துன்னு மாவு மாதிரி ஏதோ தட்டுப்படுது. துருத் தூளுன்னு நெனச்சேன். நெனச்சேனா? ஒண்ணுமே நெனைக்கலை. கெணத்துத் தண்ணிக்குள்ள கையை விட்டு அளையிற புள்ளை மாதிரி சொகமா இருந்துச்சு. கையை வெளிய எடுத்தா, வெள்ளிக் கலர்ல மினுமினுன்னு இருக்கு. லுங்கியில தொடைச்சேன். குழாயில கழுவினேன்.

பாத்தும் பாக்கலை. ஏன்னு கேளுங்க. எங்க வீட்டுக்காரி பாக்கியம், அச்சங்குளத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில முப்பது வருசம் வேலை பாத்தவ. தெனமும் சாயங்காலம் வெள்ளி பூசின மாதிரி கையோடதான் வருவா. அந்தக் கையாலதான் எனக்குச் சோறு போட்டா, அந்தக் கையாலதான் காய்ச்சல்ல நெத்தியைத் தொட்டுப் பாத்தா. பஸ்ஸுல ஏறினா பாதிப் பேரு கை அப்படித்தான். வெளியூர்க்காரன் எவனும் அதைப் பாத்திருந்தா அலறியிருப்பான். எனக்கு அது வெறும் கை.

“ஓரத்தைக் கம்பி பிரஷால தேய்ச்சு வை. நான் சாப்பிட்டுட்டு வந்துர்றேன்”னு சொல்லிட்டு மொபெட்டுல கெளம்பிட்டேன். பத்தவைக்காதன்னு சொல்லலை. நான் வராம அவன் ஏன் பத்தவைக்கப் போறான்னு ஒரு எண்ணம்.

வீட்டுல தட்டு முன்னால உக்காந்து சோத்துல கை வைக்கப் போனேன். பாக்கியம் என் மணிக்கட்டைப் பிடிச்சா.

“எங்க போயிருந்தீக?”

“எபி வீட்டுக்கு. வண்டி வேலை. கழுவிட்டுத்தான் உக்காந்தேன், விடு.”

“கழுவினாப் போகாது இது.” என் கையைத் திருப்பி வெளிச்சத்துல காட்டினா. நகக்கண்ணுல, ரேகையில எல்லாம் வெள்ளிக் கோடு. “இது என் கையில இருக்க வேண்டியது. உங்க கைக்கு எப்படி வந்துச்சு?”

சோறு அப்படியே இருக்கு. அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. சேஸுக்குள்ள இருந்தது துரு இல்லை. அலுமினியத் தூளும் வெடியுப்பும் என்னென்ன கருமாந்திரமோ. மூடின இரும்புக் குழாய்க்குள்ள மருந்து. அதுக்கு என்ன பேரு? குண்டு. அது மேல ஒருத்தன் வெல்டிங் மிஷினை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்.

போன் போட்டேன். அடிக்குது, எடுக்கலை. திரும்பப் போட்டேன். எடுக்கலை. எந்திரிச்சு ஓடுறேன், பாக்கியம் பின்னால கத்துறா: “தண்ணியை ஓட விடுங்க! ஓடுற தண்ணி! கொஞ்சமா நனைச்சு விட்டுறாதீக, ஈரத்துல அதுவே சூடேறும்!”

மூணு கிலோமீட்டர்தான். அந்த மூணு கிலோமீட்டரை இன்னைக்கும் கனவுல ஓட்டுறேன். மொபெட்டு நகர்ற மாதிரியே இல்லை. ரெண்டு பக்கமும் கருவேலங்காடு அசையாம நிக்குது. ஒரு அம்மா ஆடு பத்திக்கிட்டு ரோட்டைக் கடக்குறா, ஒவ்வொரு ஆடும் என்னை ஒரு தடவை பாத்துட்டுப் போகுது. காதை மட்டும் தீட்டி வச்சிருக்கேன். ஒரு சத்தம் வந்துறக் கூடாது, ஒரே ஒரு சத்தம் வந்துறக் கூடாதுன்னு. நான் கோயிலுக்கு அதிகம் போறவன் இல்லை. அன்னைக்கு எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், அவன் சாமியையும் சேத்துத்தான்.

வாசல்ல வண்டியைப் போட்டுட்டு எட்டிப் பாக்குறேன். எபி குத்துக்கால் வச்சு உக்காந்திருக்கான். முதுகு எனக்கு. எர்த்துக் கிளிப்பை மாட்டியாச்சு. கண்ணாடியை இறக்கியாச்சு. ராடு மாட்டின ஹோல்டரை ஓட்டைக்கு நேராக் கொண்டு போறான்.

தொண்டை வரைக்கும் சத்தம் வந்துருச்சு. அப்பத்தான், எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்த மனுசன் ஒருத்தர் இருந்தாரு, அவர் செவுட்டுல அறைஞ்சு சொன்னது ஞாபகம் வந்துச்சு: கண்ணாடி இறக்கினவனைப் பின்னால இருந்து கூப்பிடாதே. திடுக்கிடுவான், திடுக்கிட்டா ராடு இரும்புல உரசும். நான் கத்தியிருந்தா, நான்தான் அவனைக் கொன்னிருப்பேன்.

மீட்டர் பெட்டி வாசல் செவுத்துல இருந்துச்சு. ரெண்டு எட்டு. மெயினை டப்புன்னு கீழ இறக்கினேன்.

உள்ள மின்விசிறி நின்னுச்சு. “கரண்டு போயிருச்சா?”ன்னு ஸ்டெல்லா குரல். எபி ராடை இரும்புல தட்டுறான், தட்டுறான், ஒண்ணும் வரலை. “இந்நேரம் பாத்துத்தான் போகுமா சனியன்”னு சொல்லிக்கிட்டே கண்ணாடியைத் தூக்கித் திரும்பினான். நான் நிக்கிறேன், செருப்புக்கூட இல்லாம.

ஓங்கி ஒண்ணு விடணும்னுதான் கையைத் தூக்கினேன். தூக்கின கையை அவன் மூஞ்சி முன்னால விரிச்சுக் காட்டினேன். அவன் மூஞ்சியில ரத்தம் வத்துறதைப் பாத்தேன்.

ஸ்டெல்லா வெளிய வந்துச்சு. என் கையைப் பாத்துச்சு. அந்த வார்டுல அப்படிக் கையை அது எத்தனை பாத்திருக்கும். நாங்க சொல்லாமலே அதுக்கு எல்லாம் புரிஞ்சுருச்சு. நான் கேக்குறதுக்கு முன்னால எபியே தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னான்: “பதினொரு லோடு. சீசன்ல ஒரு கம்பெனிக்காரர் கெஞ்சினாரு அண்ணாச்சி. ஒரு மூட்டை கிழிஞ்சு கொட்டிருச்சு. வீட்டுல தெரிஞ்சிறக் கூடாதுன்னு கூட்டி, சேஸுல இருக்கிற ஓட்டை வழியா உள்ள தள்ளிவிட்டேன். ஓட ஓட எல்லாம் கொட்டிப் போயிருக்கும்னு நெனச்சேன்.”

ஸ்டெல்லா ஏசலை, அழலை. தோட்டத்துக் குழாயில ரப்பர் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொண்டு வந்து அந்த ஓட்டைக்குள்ள சொருகுச்சு. அங்கனயே நின்னுச்சு.

தண்ணி சேஸோட அடுத்த முனையில வந்துச்சு. சாம்பல் கலர்ல, மேல மினுமினுன்னு படலம் மிதந்துக்கிட்டு. குழி வெட்டி அதுல விழ வச்சோம். மேகம் விலகி வெயில் பட்டதும் அந்தத் தண்ணி ஆத்துல நிலா விழுந்த மாதிரி மின்னுச்சு. அம்புட்டு அழகு. எனக்கு எரிச்சலா வந்துச்சு.

நாலு நாள் ஓடுச்சு தண்ணி. பாக்கியம்தான் மேஸ்திரி. தெனமும் வந்து குனிஞ்சு பாப்பா, மோந்து பாப்பா, “இன்னும்”னு சொல்லிட்டுப் போவா. எஃப்.சி. நாளு வந்துச்சு, போச்சு. ஸ்டெல்லா டூட்டிக்குப் போகும், வரும், சமைக்கும், டியூபை மாத்திச் சொருகும். புருசன்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. “நாலு ஏச்சு ஏசினாக்கூடத் தேவலை அண்ணாச்சி. இந்த அமைதி என்னைக் கொல்லுது”ன்னான் எபி. “கொல்லட்டும். மத்தது கொல்லாம விட்டுச்சுல்ல”ன்னேன்.

அப்புறம் தண்ணி ஓட ஓட இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடு வச்சுக் கையாலயே அறுத்துத் தண்டைத் திறந்தோம். திரும்பக் கழுவினோம். ரெண்டு நாள் வெயில்ல காஞ்சுச்சு. உள்ள விரலை விட்டுப் பாத்துட்டு, பாக்கியம் “சரி”ன்னா. புதுத் தகடு வெட்டி வச்சு, மிஷினை மாட்டி, ராடு எடுத்தாச்சு.

எடுத்தவன் கீழ வச்சுட்டேன். அந்த ஒரு வாரமும் ராத்திரி பகலா என்னை அரிச்சது எபி சொன்ன பொய் இல்லை. நான் கேட்ட கேள்வி. பொண்டாட்டி காப்பித் தம்ளரோட பக்கத்துல நிக்கிறா, சத்தியம் வாங்கினவ. அவ முன்னால வச்சு “மருந்து ஏத்தினியா”ன்னு கேட்டா ஒரு ஆம்பளை என்ன பதில் சொல்லுவான்? அந்தப் பொய்யை நான்தான் அவன் வாயில ஊட்டினேன். ஊட்டிட்டு, அதை நானே நம்பிச் சாப்பிடவும் போயிட்டேன். தம்பிகளா, எந்த வண்டி வந்தாலும், எந்தப் பேரல் வந்தாலும், இதுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு கேக்காம ராடை வைக்காதீக. கேக்குறதைத் தனியாக் கூட்டிப் போய்க் கேளுங்க. அவன் மானத்தைக் காப்பாத்துனாத்தான் அவன் உங்க உசுரைக் காப்பாத்துவான்.

எபியை வீட்டுக்குப் பின்னால கூட்டிட்டுப் போனேன். தோள்ல கையைப் போட்டேன். “ஏலே, நமக்குள்ள. வேற எங்கயாவது இருக்கா?”

காலால மண்ணைக் கீறிக்கிட்டே இருந்தான். அப்புறம் சொன்னான். “சீட்டுக்கு அடியில இருக்கும் அண்ணாச்சி. ஒரு தடவை பின்னால எடம் பத்தலை. ஒரு பையைச் சீட்டுக்கு அடியில வச்சேன். அன்னைக்குப் பாத்து அவளுக்குப் பஸ் தவறிப் போச்சு. ஆஸ்பத்திரி வரைக்கும் நான்தான் கொண்டு போய் விட்டேன். அவ காலுக்குக் கீழதான் இருந்துச்சு.”

சரி, இதை நாம ரெண்டு பேரும் கமுக்கமாக் கழுவிருவோம்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவன் என் கையை எடுத்து விட்டுட்டு விறுவிறுன்னு முன்னால போனான்.

“ஸ்டெல்லா, இங்க வா.”

வந்துச்சு. என்கிட்டச் சொன்ன அதே வார்த்தையில, ஒண்ணு குறைக்காம, அது மூஞ்சியைப் பாத்துச் சொன்னான். நான் மிஷின் பக்கத்துல நின்னுக்கிட்டு எங்க பாக்குறதுன்னு தெரியாம நின்னேன்.

ஒரு வாரம் கழிச்சு அன்னைக்குத்தான் ஸ்டெல்லா வாயைத் திறந்துச்சு. குரல் உசரலை.

“கல்யாணமான புதுசுல நீங்க வெடிக் கம்பெனிக்கு லோடு ஏத்தப் போவீகல்ல. அப்ப வார்டுக்கு யாரைத் தூக்கிட்டு வந்தாலும் நான் மூஞ்சியைப் பாக்க மாட்டேன். பாத்தாலும் தெரியாது. காலைத்தான் பாப்பேன். உங்க பெருவிரல்ல நகம் செத்திருக்கும்ல, அது இருக்கான்னு பாப்பேன். இல்லைன்னு தெரிஞ்ச பொறவுதான் எனக்குக் கை ஓடும், ஊசி எடுப்பேன். நீங்க சத்தியம் பண்ணினீக, அன்னைக்கோட பாக்குறதை விட்டேன். வர்றவுகளை எல்லாம் நர்ஸு மாதிரிப் பாத்தேன்.” குனிஞ்சு அவன் காலைப் பாத்துச்சு. “நாளைக்கு டூட்டி. இனிமே திரும்பக் காலைப் பாக்கணும்.”

எபி அப்படியே மண்ணுல உக்காந்துட்டான்.

அன்னைக்குப் பத்தவைக்கலை. சீட்டைக் கழத்தி வெளிய போட்டு, மூணு பேரும் பேசாமத் தண்ணி விட்டோம். நாலு நாள் கழிச்சுத்தான் தகட்டை வச்சேன். முதல் ராடை உரசுறதுக்கு முன்னால எல்லாரையும் வாசலுக்குப் போகச் சொன்னேன், நாப்பது வருசத்துல அன்னைக்குத்தான். ஒண்ணும் நடக்கலை. இரும்பு உருகுச்சு, பிடிச்சுச்சு, அம்புட்டுத்தான். எஃப்.சி. ஆகி வண்டி இன்னைக்கும் நோட்டு லோடு அடிக்குது. ஸ்டெல்லா பேசுது. காலைப் பாக்குறதை விட்டுச்சான்னு எனக்குத் தெரியாது, கேக்குற தைரியமும் இல்லை.

ஆனா அந்தச் சீட்டைக் கழுவின அன்னைக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். பாக்கியம் தட்டை வச்சா. நான் சோத்துல கை வைக்காம, எபி சொன்ன மாதிரியே அவ மூஞ்சியைப் பாத்து, முப்பது வருசமா அவகிட்டச் சொல்லாம வச்சிருந்த ஒண்ணைச் சொன்னேன். அது என்னன்னு உங்களுக்கு எதுக்குலே? சோறு ஆறிப் போச்சு. சாயங்காலம் வரைக்கும் அவ அந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருந்தா, நானும் எந்திரிக்கலை.